உறைபனிக் காலத்தில் மலைத் தோட்ட வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

(மார்கழி, தை மாதங்களுக்கான ஆலோசனை: கப்பலூர் வட்டாரம்)

கார்த்திகை மழை ஓய்ந்து வானம் தெளிந்தவுடன், மே மாதத்து மலர்க்கண்காட்சியை உத்தேசித்துக் கொடைக்கானலில் பாத்தி கட்டுதலும் நாற்று நடுதலும் மும்முரமாகிவிடுமாதலால், கப்பலூரிலும் திருமங்கலத்துச் சுற்றூர்களிலும் இருந்து வத்தலக்குண்டு வழியே மலையேறும் தோட்டத் தொழிலாளருக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் மேஸ்திரிகளுக்கும் இவ்வாலோசனை எழுதப்படுகிறது. தை மாத விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் சமவெளிச் சீதோஷ்ணத்தில் பழகிய உடம்புக்கும், நம் வெயிலில் தளதளவென்று வளர்ந்த நாற்றுக்கும், 7,000 அடி உயரத்துப் பனி ஒரே விதமாக அந்நியமானது.

காற்றசையாது வானம் நிர்மலமாயிருக்கும் இரவில், குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்ந்த இடங்களை நாடி இறங்குவதால், ஏரிக்கரையும் ஜிம்கானா மைதானமும் போன்ற பிரதேசங்கள் முதலில் வெளுக்கும். ஆளுயரத்து வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே புல்நுனி உறைந்துவிடக்கூடும். பூஜ்யம் வரட்டுமென்று காத்திராதீர்கள்.

செய்ய வேண்டியவை:

சமவெளி நாற்றை உடனே நடவேண்டாம். கொட்டகையில் சில நாள் பழக்குங்கள். பகலில் மண்ணுக்கு நீர் விடுங்கள்; ஈரமண் சூட்டைத் தேக்கும். மாலையில் இலை நனையக்கூடாது. பொழுது சாயுமுன் செடிகளை மூடுங்கள். உதகை தாவரவியல் பூங்காவில் இதற்குக் கோத்தகிரி மிலார் செடிகளைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் தாளானால் இலையில் படலாகாது. வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள். யூரியா இப்போது வேண்டாம். உறைந்த புல்தரையை மிதிக்காதீர்கள், தடம் கருகும். சூரியன் படுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரையுங்கள். கருகிய கிளையை இப்போதே வெட்டாதீர்கள். உள்மொட்டுக்கு அதுவே காப்பு.

இவற்றில் ஒன்று தவறினால் ஒரு பாத்தியோடு நஷ்டம் போயிற்று. இனிச் சொல்வது தவறினால் ஈடுசெய்ய வழியே இல்லை.

கணப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

விறைத்த கையைச் சூடேற்றுவதற்கென்று வெளியே மூட்டிய கணப்பில் மிச்சமிருக்கும் தணலை, வீணாகிறதே என்று இரும்புச் சட்டியில் அள்ளிவந்து, சன்னலை அடைத்து, கதவிடுக்கில் சாக்கைச் செருகிப் படுத்தவர்கள் விடிந்தும் எழாத செய்தி, உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் நாளிதழ்களில் வந்துகொண்டேயிருக்கிறது. அதைப் படித்து ஐயோ பாவம் என்றவர்களே அடுத்த வாரம் அதே சட்டியைத் தூக்கினால், எத்தனை முறைதான் எழுதுவது? கரி நன்றாகப் பற்றிவிட்டது, புகையே இல்லை என்று சமாதானம் சொல்கிறீர்கள். புகையில்லாத தணலே மிக அபாயகரமானது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை, அதனினும் 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு அது கவர்ந்துகொள்ளும். அதனால் உண்டாகும் தலைவலியும் மயக்கமும் உடலயர்ச்சியைப் போலவே தோன்றுவதால், பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவன் அதை நித்திரையென்றே நம்பிக் கண்மூடிவிடுவான். சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதுமென்பதும் பேதைமை. மது அருந்தினால் குளிர் போகுமென்பதும் பொய். அது உடற்சூட்டை வெளியேற்றுவதோடு, ஆபத்திலும் எழமுடியாமற் செய்யும்.

மீண்டும் சொல்கிறேன்: கரியடுப்பாயினும், விறகாயினும், அணைந்ததாகத் தோன்றும் கங்காயினும், உறங்கும் அறைக்குள் கூடாது.

ஈர உடையைக் களைந்து உலர்ந்ததை உடுத்துங்கள். குல்லாயும் காலுறையும் அணியுங்கள். வெறுந்தரையில் படுக்காதீர்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எவரேனும் தலைவலி, குமட்டல் என்றால், காரணம் விசாரித்துக்கொண்டிராமல் எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

மேஸ்திரிகளே, ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுப்பது உங்கள் கடமை. கம்பளியில்லாதவனே தணலைத் தேடுகிறான். இரவுதோறும் கொட்டகைக்குள் நெருப்பில்லை என்பதை நேரில் பார்த்தபின்பே நீங்கள் படுக்கச் செல்லுங்கள்.