பாம்புக்கும் இழுப்பு வரும்: ராசாவில் கற்ற பாடம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அப்படிப்பட்ட பாம்பு ஒன்று எங்கள் வீட்டில் வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்துக் கிடந்தது. அதற்குக் காரணம் வேறு யாருமல்லர். அதை வளர்த்த நானேதான். இப்பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவன் செய்த தவற்றையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் தம்பி தங்கைகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் பாம்பும்

உலு சிலாங்கூர் மாவட்டத்தில், ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையிலுள்ள சிற்றூர் ராசா. எங்கள் குடும்பம் பால்மரம் வெட்டிய குடும்பம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி மலைப்பாம்பும் வந்தது. ஆகவே, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாம்பு புதிதன்று.

ஆனால், நான் வளர்ப்பது தோட்டத்தில் பிடித்த பாம்பு அன்று. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மலைப்பாம்பு வளர்க்கப் பெர்ஹிலித்தான் துறையின் உரிமம் வேண்டும். உரிமத்தோடு நான் வாங்கியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அதற்கு இப்பெயர். அதன் அறிவியல் பெயரான பைத்தான் ரீஜியஸ் என்பதில் இரண்டாம் சொல்லுக்கு ‘அரசனுக்குரிய’ என்று பொருள். ஊரின் பெயரும் பொருந்தி வரவே, பாட்டி அதை ‘ராசா’ என்றே அழைக்கத் தொடங்கினார்.

நடந்தது என்ன?

என் அறையில் புதிதாகக் குளிரூட்டி பொருத்தினோம். இரவு முழுவதும் 20 டிகிரியில் ஓடும். ராசாவின் பெட்டி தரையில் இருந்தது. குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மலேசிய வெயில் போதுமென்று வெப்பத் தட்டும் வாங்கவில்லை.

அப்போது ராசாவின் எடை 900 கிராம். 75 கிராம் எலியொன்றைக் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் அது பாதி செரித்த நிலையில் வெளியே கிடந்தது. பசியோடு இருக்குமே என்று இரண்டு நாள் கழித்து மீண்டும் ஓர் எலி கொடுத்தேன். அதையும் கக்கிவிட்டது. முதல் தவற்றைவிட இது பெரிய தவறு.

பத்து நாள் சென்றபின், நள்ளிரவில் பாட்டி என்னை எழுப்பினார். “டேய் தம்பி, உன் ராசாவுக்கு இழுப்பு வந்துருச்சுடா. உங்க தாத்தா இழுத்த மாதிரியே இழுக்குது,” என்றார். காது வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சிலும் ஒரு சீழ்க்கை ஒலி. வாயோரத்தில் நுரை. எடை பார்த்தால் 790 கிராம். பட்டதாரியின் கண்ணுக்குத் தப்பியது, ஆஸ்துமாக்காரரோடு நாற்பது ஆண்டு வாழ்ந்தவரின் காதுக்குத் தப்பவில்லை.

இரைப்பையின் கதை

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. சுற்றுப்புறத்திலிருந்தே பெற வேண்டும். செரிமான நீர்கள் வேலை செய்ய வெப்பம் தேவை. பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வரையிலும் இருத்தல் நலம். வெப்பம் குறைந்தால் வயிற்றிலுள்ள இரை செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். அதை வெளியே தள்ளுவதைத் தவிரப் பாம்புக்கு வேறு வழியில்லை.

செரிமானம் பாம்புக்கு எளிய வேலையன்று. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், இரை உண்ட இரண்டு நாளுக்குள் அதன் இதயத்தின் கீழறைத் தசை 40 விழுக்காடு பெருப்பதை 2005இல் வெளியிட்டனர். கக்கும்போது செரிமான நீரும் வீணாகி, உணவுக்குழாயும் புண்படுகிறது. எனவே, கக்கிய பாம்புக்கு இரண்டு வாரமாவது ஓய்வு கொடுத்துத் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். பின்னர் வழக்கத்தில் பாதியளவுள்ள இரையில் தொடங்க வேண்டும்.

குளிர் மட்டுமே காரணமன்று. இரை பெரிதாக இருத்தல், உண்டவுடன் தூக்கி விளையாடுதல், குடற்புழு ஆகியவற்றாலும் பாம்பு கக்கும். அடிக்கடி கக்குவதோடு உடலின் நடுப்பகுதி வீங்கியும் இருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியை ஐயுற வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள். பழுப்பு மலமும் வெண்ணிற யூரிக் அமிலக் கட்டியும் இயல்பானவை. சளியோ இரத்தமோ கடும் நாற்றமோ இயல்பல்ல.

மூச்சின் கதை

பல பாம்புகளுக்கு இடது நுரையீரல் பெயரளவில்தான் உண்டு. மலைப்பாம்புக்கு இரண்டும் உண்டு, வலது பெரியது. நமக்குள்ளது போன்ற உதரவிதானம் பாம்புக்கு இல்லை. விலாத் தசைகளாலேயே மூச்சு விடுகிறது. ஆகவே, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதற்கு இயலாது. தேங்கிய சளி நுரையீரலிலேயே தங்கிச் சளிக்காய்ச்சலாக முற்றுகிறது. குளிரில் நோய் எதிர்ப்பாற்றலும் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, தலையை உயர்த்தியே வைத்திருத்தல், சீழ்க்கை ஒலி ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஆனால், இரை விழுங்கியபின் கொட்டாவி விடுவது தாடையைச் சரிசெய்துகொள்வதற்கே. அஞ்சிச் சீறுவதும் நோயன்று. சட்டை உரிக்கும் காலத்தில் மூக்கில் சிறு ஒலி வந்து, உரித்தபின் நின்றுவிட்டால் கவலையில்லை.

எல்லா மூச்சுநோயும் குளிரால் வருவதன்று. பந்து மலைப்பாம்புகளைத் தாக்கும் நிடோ வைரஸ் 2014இல் கண்டறியப்பட்டது. புதுப் பாம்பு வாங்கினால் பல வாரங்கள் தனியறையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு நோயும் ஒன்றையொன்று தூண்டுபவை. இரை செரிக்கும்போது பாம்புக்கு உயிர்வளி பன்மடங்கு தேவைப்படும். நிறைந்த வயிறு நுரையீரலையும் நெருக்கும். ஆதலால், மூச்சுத் திணறும் பாம்புக்கு மருத்துவரைக் கேளாமல் இரை கொடுக்கலாகாது.

பால் வார்க்கலாமா?

“பால் ஊத்துடா, தெம்பா இருக்கும்,” என்றார் பாட்டி. புற்றுக்குப் பால் வார்த்து வளர்ந்த தலைமுறை அது. பாம்பின் உடல் பாலைச் செரிக்கும் அமைப்புடையதன்று. தாகத்தால் வாடிய பாம்பு பாலையும் குடிக்கும். அது வயிற்றைக் கெடுக்கும். மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலையும் கெடுக்கும். இதைச் சொன்னதும் பாட்டி, “அப்போ தண்ணியே வையி,” என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பாலை எனக்குக் காப்பியாகக் கலக்கிக் கொடுத்தார்.

மருத்துவமும் குறிப்பேடும்

அருகிலிருந்த மருந்தகத்தில் நாய், பூனை மட்டுமே பார்த்தார்கள். கோலாலம்பூரில் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடிப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார், மூச்சுக்குழாய்ச் சளியைச் சோதனைக்கு அனுப்பினார். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம், உடலின் முன்பகுதியில் ஊசி. மனிதருக்குரிய மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேளாதது நல்லதாயிற்று.

“எப்போது சாப்பிட்டது, எப்போது கக்கியது, எடை என்ன?” என்று அவர் கேட்டபோது பாதிக்கு மேல் எனக்கு விடை தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். நீங்களும் இவற்றைக் குறித்து வரலாம்:

1. இரை கொடுத்த நாளும் இரையின் எடையும்
2. வாரம் ஒருமுறை பாம்பின் எடை (சமையலறைத் தராசே போதும்)
3. பெட்டியின் இரு பக்க வெப்பநிலை, இரவிலும் பகலிலும்
4. எச்சம் கழித்த நாளும் அதன் தன்மையும்
5. அறையை அமைதியாக்கி இரண்டு நிமிடம் மூச்சொலியைக் கேட்டறிந்தது

பாம்பைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதையும் மறவாதீர்கள். சால்மொனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கக்கூடும்.

முடிவுரை

ஏழாம் வாரத்தில் ராசா 40 கிராம் எலியொன்றை உண்டு செரித்தது. இன்று அதன் எடை 960 கிராம். ‘ஊர்வன சுற்றுப்புற வெப்பத்தைச் சார்ந்து வாழ்பவை’ என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். என் அறையின் குளிரூட்டியோடு அந்த வரியைப் பொருத்திப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை. படித்ததைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாதீர்கள். வாயில்லா உயிரொன்றை வளர்ப்பவர் அதன் மூச்சைக் காது கொடுத்துக் கேட்கட்டும். கேட்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளட்டும்.