தரையைத் துடைத்தால் கோரி பிழைக்கும்

கோரி மீன் முட்டையே போடமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களை எப்போதாவதுதான் பார்க்கிறேன். முட்டை போட்டது, பொரிந்தது, கொஞ்ச நாள் ஓடியாடியது, அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டது என்று வருகிறவர்கள்தான் அதிகம். குஞ்சு பட்டினியில் செத்தது என்று நினைத்து, அடுத்த முறை தீனியைக் கூட்டுகிறார்கள். குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் சாகின்றன. கோரிக் குஞ்சு வளர்ப்பில் நான் முதலில் பார்ப்பது தொட்டியின் தரையை. தீனியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோரிடோரஸ் நம்மூர் மீனல்ல, தென் அமெரிக்க ஆறுகளின் சின்னக் கெளுத்தி. சென்னை கொளத்தூர் கடைகளில் 'கோரி' என்றாலே போதும், எடுத்துக் கொடுப்பார்கள். முதன்முதலாக முயல்கிறவர்கள் வெண்கல நிறக் கோரியை வாங்குங்கள். சிவந்த கண்ணோடு வெளுத்திருக்கும் ஆல்பினோ கோரியும் பெரும்பாலும் இதே இனம்தான். புள்ளிபோட்ட இன்னொரு வகை உண்டு. டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்துக்கொண்டு போனது, 1842-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அழகுதான், ஆனால் அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர் தண்ணீரில் பிறந்தது. சென்னை மே மாதத்தில் அதை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாட்டுக்கு அளவிருக்காது.

ஆண் பெண் பார்க்க மேலிருந்து நோக்க வேண்டும். பெண் அகலமாக, வயிறு இருபுறமும் புடைத்துத் தெரியும். ஆண் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் ஆறு மீனாவது இருந்தால் நல்லது. தரையில் கூர்மையான கல் வேண்டாம், நைசான மணல் போடுங்கள். மண்ணைக் கிளறித் தின்னும் மீன் இது, மீசை தேய்ந்துவிட்டால் தீனியைத் தேடிக் கண்டுபிடிக்கவே திணறும்.

முட்டை போட வைப்பது மழையின் வேலை. தம் சொந்த ஊரில் இவை மழைக்காலத்தில் இனம்பெருக்கும். வெள்ளம் வரும், தண்ணீர் குளிரும், உப்புத்தன்மை குறையும். நமக்கு அதைச் செய்து தர ஐப்பசி இருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே நான் தொட்டியைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவேன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க உறைய வைத்த புழு, ஆர்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால் என்று நன்றாகத் தின்னக் கொடுத்திருப்பேன். பிறகு தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெதுவாக விடுவேன். எங்கள் போர்வெல் தண்ணீர் கடினம் என்பதால் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலப்பது வழக்கம். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். ஐஸ் கட்டியைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை.

அன்றோ மறுநாளோ ஆண்கள் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். ஆணின் வயிற்றோரம் பெண் வாயை வைத்து நிற்கும்போது இரண்டும் சேர்ந்து ஆங்கில 'டி' வடிவில் தெரியும். அப்போது பெண் விந்தணுவை வாயால் உட்கொள்கிறது. அது குடல் வழியாக வேகமாகக் கடந்து வெளியே வந்து, அடித்துடுப்புகளைக் கூப்பி ஏந்தியிருக்கும் முட்டைகள்மேல் படுகிறது. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர் மசானோரி கோடாவும் குழுவினரும் வெண்கலக் கோரியில் கண்டு எழுதியது இது. பிறகு அந்த முட்டைகளைக் கண்ணாடியிலோ இலையின் அடியிலோ கொண்டுபோய் ஒட்டும். இப்படியே சில மணி நேரம் நடக்கும். நூற்றுக்குமேல் முட்டை சாதாரணம்.

போட்ட முட்டையைப் பெற்றோரே தின்றுவிடும் என்பதால் உடனே பிரித்துவிட வேண்டும். சிறிது நேரத்தில் முட்டை இறுகிவிடும், விரல் நுனியால் உருட்டி எடுத்தாலும் உடையாது. ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். கொத்தாக இருந்தால் ஒன்றில் பிடித்த பூஞ்சை எல்லாவற்றுக்கும் போகும். தாய்த் தொட்டித் தண்ணீரையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, நீலம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ விடுவேன். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒரு துண்டு போட்டாலும் பூஞ்சை மட்டுப்படும். வெள்ளையாகிப்போனவற்றை அன்றாடம் எடுத்துவிடுங்கள். பழுப்பேறி வருபவை நல்லவை. மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிந்ததும் நீலத் தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

இனிமேல்தான் தரை. அரை சென்டிமீட்டர் குஞ்சு இரவும் பகலும் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கிறது. கப்பிக் குஞ்சு மேலே நீந்துகிறது, அடியில் அழுக்கு இருந்தாலும் ஓரளவு தப்பிக்கும். கோரிக்கு அந்த வழியில்லை. மிச்சத் தீனியும் கழிவும் அழுகி, கண்ணாடி அடியில் வழுவழுவென்று ஒரு படலம் கட்டும். கையை விட்டுத் தடவினால் தெரியும். அந்தப் படலத்துக் கிருமிதான் முதலில் மீசையை, பிறகு துடுப்பை, பிறகு குஞ்சையே கொண்டுபோகிறது. தண்ணீர் பார்வைக்குப் பளிங்காக இருக்கும், அதுதான் ஏமாற்று.

ஆகவே குஞ்சுத் தொட்டியில் நான் மணல் போடுவதில்லை. வெறும் கண்ணாடி, ஒரு பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு பிடி ஜாவா மாஸ். குஞ்சு மேலே போய்க் காற்றை விழுங்கும் பழக்கமுள்ளது என்பதால் முதல் சில வாரம் பத்து சென்டிமீட்டர் ஆழம் போதும். தினமும் புது டூத் பிரஷ்ஷால் தரையைத் தேய்த்து, ஏர் பம்ப் டியூபால் அழுக்கை உறிஞ்சி எடுப்பேன். டியூபின் மறுமுனை வெள்ளை மக்கில் விழட்டும். தவறி வந்த குஞ்சு அதில் பளிச்சென்று தெரியும், எடுத்துத் திருப்பி விடலாம். குறைந்த தண்ணீரைத் தாய்த் தொட்டியிலிருந்தே நிரப்புவது உத்தமம், வெப்பமும் தன்மையும் மாறாது. பொரிந்த பிறகு இரண்டு மூன்று நத்தைகளை விடுங்கள், ராத்திரி மிச்சத்தைத் தின்று வைக்கும்.

மஞ்சள் கருப் பை கரைய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை எதுவும் போடாதீர்கள். முதல் தீனிக்கு என் தேர்வு மைக்ரோ வோர்ம். ஓட்ஸ் கஞ்சியில் துளி ஈஸ்ட் சேர்த்து வளர்க்கலாம். நாற்றம் வீட்டில் சண்டையை வரவழைக்கும் என்றாலும், அந்தப் புழு நேராகத் தரைக்கு இறங்கி உயிரோடு கிடக்கும். அடுத்து ஆர்டீமியாக் குஞ்சு. அதன் முட்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பு, விடாமல் காற்று, 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். உப்புப் போக அலசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அது சில மணி நேரத்தில் செத்துத் தரையில் படியும், அதனால் துளித் துளியாக நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் வயிறு தெரிந்தால் தின்றிருக்கிறது. வேகவைத்த முட்டைக் கருவைப் பலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், தரையை நாசமாக்க அதைவிடச் சிறந்த பொருளில்லை.

மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வையுங்கள். சாக்கடை ட்யூபிஃபெக்ஸ் புழுவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சுகளை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். அப்படி யாரோ விட்ட சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடம் கொடுங்கள், மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் குறையாமல் கொடுங்கள். பக்கத் துடுப்பில் முள் உண்டு, பையைக் குத்தும். இரட்டைப் பையில் கட்டிக் கொடுங்கள்.