ஆள் புதுசு, ஆலை பழசு

1918-இல் புளியந்தோப்பு, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தலைமை ஏற்ற பி.பி.வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. பம்பாய்ப் பார்சி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர், அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை. புது டீமுக்குப் பொறுப்பேற்கப் போகிறவருக்கு இதைவிடப் பொருந்தாத பயோடேட்டா கிடைக்காது. ஆனாலும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம்தான், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்றும் பேசப்படுகிறது.

வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். இருவரும் அந்த வட்டாரத்து வியாபாரிகள். அவர்கள் நடத்திய பக்தி சபைக்குத் தொழிலாளர்கள் வந்துபோனதால், யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது இருவருக்கும் அத்துப்படி. சங்கம் அமைந்ததும் செயலாளர்கள் அவர்களே; துணைத் தலைவர் திரு.வி.க. வாடியா ஆங்கிலத்தில் பேச, மற்றவர்கள் தமிழில் சொன்னார்கள்.

யாருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்த இப்படி ஓர் ஆள் எல்லா இடத்திலும் இருப்பார். இந்தக் கட்டுரையாளர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்தபோது, பதவி வரிசைப்படி அவருக்கு அடுத்தவர் சூப்பர்வைசர். ஆனால் டிரெய்லர் டிரைவரிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வரை, லீவு கேட்பதற்கு முன் எல்லாரும் எட்டிப் பார்த்தது எடைமேடை கிளார்க்கின் ஜன்னலைத்தான். “சார் இன்னைக்கு எப்படி இருக்காரு?” என்பதுதான் கேள்வி. கட்டுரையாளர் காலை டீயை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். மீட்டிங் போட்டிருந்தால் வாயே திறந்திருக்காதவர்கள், அங்கே வந்து தானாகப் பேசினார்கள்.

வாடியா கையில் எடுத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று, இன்று கேட்டால் சிரிப்பு வரும்: அரைமணிச் சாப்பாட்டு இடைவேளையை 40 நிமிடமாக்குங்கள். கை கழுவி, சோறு தின்று, திரும்பி வருவதற்குள் நேரம் போய்விடும்; தாமதமானால் கூலி போகும். தேச விடுதலை பேசித் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு வந்தவர், பத்து நிமிடத்துக்காக மல்லுக்கு நின்றார். புதிதாக வருபவர்கள் பெரிய மாற்றத்தை அறிவித்துப் பெயர் வாங்கத் துடிக்கிற காலத்தில், இது அசாத்திய நிதானம்.

வேலைநிறுத்தத்தையும் அவர் அவசரமாக எடுக்கவில்லை. உலகப் போர் நடந்த நேரம். ஆலையில் ராணுவத்துக்குத் துணி தயாரானது. போர் வீரர்களுக்குப் பாதிப்பு வரும் என்று தொழிலாளர்களைத் தடுத்தார். அது சரியா என்று வாதிடலாம். 1920-இல் ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கியது, வாடியா ஒதுங்கினார். அந்த வழக்கு கிளப்பிய கேள்விகள்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தன.

தடையாணைக்கு அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் எந்தப் பொறுப்பாளரும் விட்டுவிடக் கூடாது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. நிர்வாகம், அரசு, தலைவர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் அடுத்தவரைக் கைகாட்டியது. ‘தொழிலாளர்’ என்ற ஒரே பேருக்குள் சேரியும் ஊரும் தனித்தனியாகவே இருந்ததை, கூட்டங்களின் உற்சாகம் மறைத்துவிட்டது என்பதே கட்டுரையாளரின் கணிப்பு.

யார்டிலும் இதுபோன்ற பிளவைக் காட்டிக்கொடுத்தது பழைய ஓ.டி. ரிஜிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. திரும்பத் திரும்ப ஒரே ஊர்க்காரர்களுக்கு. மழையில் தார்ப்பாய் கட்டும் வேலை எப்போதும் வேறு சிலருக்கு. யாரையும் விசாரிக்காமல், கட்டுரையாளர் அடுத்த மாதத்திலிருந்து சுழற்சி முறையில் பெயர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஓ.டி. குறைந்தவர்கள் கொதித்துப்போய் நேரே எடைமேடை ஜன்னலுக்குப் போனார்கள். “நான் என்னப்பா பண்றது, போர்டுல போட்டிருக்கே” என்றார் கிளார்க்.