தொலைவில் உள்ள பைலைத் திருத்த எந்த டெர்மினல்?

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வருகிறது. இது போன்ற இடங்களில் லினக்ஸ் பழகத் தொடங்கியவர்களுக்கு, எங்கோ உள்ள ஒரு சர்வரில் இருக்கும் பைலை வீட்டிலிருந்தே திருத்தும் வேலை விரைவில் வந்துவிடும். அதற்கான புரோகிராம்தான் டெர்மினல் எமுலேட்டர். அந்தக் காலத்தில் பெரிய கம்ப்யூட்டருடன் வயரில் இணைந்திருந்த திரையும் கீபோர்டும் "டெர்மினல்" எனப்பட்டன. 1978ல் வந்த விடி100 புகழ் பெற்றது. அதைப் போல நடிக்கும் புரோகிராம் இது. கறுப்புத் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் அப்டேட் முதல் எஸ்எஸ்எச் விண்டோஸுடனேயே வருகிறது. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எஸ்எச் என டைப் செய்து, ஸ்பேஸ் விட்டு, யூசர் நேம், @ அடையாளம், சர்வர் முகவரி கொடுத்து என்டர் தட்டவும்.

செட்டிங்குகளை மெனுவில் மாற்ற விரும்பினால் புட்டி நல்லது. சைமன் டாதம் உருவாக்கிய இலவச புரோகிராம். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. சர்ச் செய்கையில் விளம்பரமாக வரும் லிங்க்கை மட்டும் கிளிக் செய்திட வேண்டாம். 2024ல் போலி புட்டி அப்படித்தான் பரப்பப்பட்டது. சர்வர் பாஸ்வேர்டை இதில்தான் டைப் செய்யப் போகிறீர்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.

நிறம், டேப் வசதி ஆகியவற்றைப் பார்த்து புரோகிராமைத் தேர்ந்தெடுப்பது என் கருத்தில் வீண் வேலை. பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இணைப்பு இரண்டு விதமாக அறும். வீட்டு பிராட்பேண்டில் கொஞ்ச நேரம் எதுவும் டைப் செய்யாமல் இருந்தால், இடையில் உள்ள ரூட்டர் இணைப்பை மறந்துவிடும். இதற்கு புட்டியில் கனெக்ஷன் பிரிவில் கீப்அலைவ் கட்டத்தில் 0 என இருப்பதை 30 ஆக்கவும். பின் செஷன் பிரிவுக்குத் திரும்பி சேவ் செய்திட வேண்டும். இல்லையேல் அடுத்த முறை பழையபடி 0 தான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் ரயிலில் மொபைல் ஹாட்ஸ்பாட் மூலம் வேலை செய்வது வேறு கதை. விக்கிரவாண்டி அருகே சிக்னல் போனால் கீப்அலைவ் உதவாது. பதில் வராததால் இணைப்பு இன்னும் சீக்கிரம் அறுந்துவிடவும் கூடும். இங்கு தேவைப்படுவது சர்வரில் இயங்கும் டீமக்ஸ். லாக் இன் ஆனதும் டி, எம், யூ, எக்ஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டி, அதற்குள் எடிட்டரைத் திறக்கவும். இணைப்பு போனாலும் எடிட்டர் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். முண்டியம்பாக்கத்தில் சிக்னல் வந்ததும் மீண்டும் லாக் இன் செய்து, அதே எழுத்துகளுடன் ஸ்பேஸ் விட்டு அட்டாச் எனக் கொடுத்தால் விட்ட இடத்தில் கர்சர் நிற்கும்.

பைல் தமிழில் இருந்தால் டெர்மினலையே தவிர்க்கலாம். எழுத்துக்கு ஒரு கட்டம் எனக் கணக்கிடும் திரையில் "கொ", "கௌ" போன்றவை பிரிந்தும் இடம் மாறியும் தெரியலாம். அதற்கு வின்எஸ்சிபி மேல். சர்வரில் உள்ள பைலை டபுள் கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறக்கும். சேவ் செய்தால் சர்வருக்குப் போய்விடும். இணைப்பு இல்லாதபோது சேவ் செய்திருந்தால் எடிட்டரை மூடாமல் வைத்திருந்து, இணைப்பு வந்தபின் மீண்டும் சேவ் செய்திடவும்.