கடைக்கென்று ஒரு கணக்கு

செய்யூர்,
தை 12

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். காணும் பொங்கலன்று மதுராந்தகத்தில் உன் செக்குக் கடையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பெரியம்மாவுக்குப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதே பேச்சுதான். நீ கொடுத்தனுப்பிய கடலை எண்ணெயில் தாளித்தால் தெருமுனை வரை மணக்கிறது. படித்த பெண் உத்தியோகத்துக்குப் போகாமல் செக்குப் போட்டுவிட்டாளே என்று உங்கப்பன் முதலில் முணுமுணுத்தது எனக்குத் தெரியும். இப்போது அவனே கல்லாவில் உட்காருகிறான். அதைக் கண்ணால் பார்த்ததே போதும் எனக்கு.

ஆனால் அன்று ஒரு விஷயம் மனதை உறுத்தியது. கல்லாவுக்கு முன்னால் வைத்திருந்த கியூஆர் அட்டையில் கடைப் பெயர் இல்லை, உன் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "காலேஜ்ல படிக்கும்போது ஆரம்பிச்ச சேவிங்ஸ் கணக்குதான் பெரியப்பா. எதுக்குத் தனியா ஒண்ணு? எல்லாம் ஒரே பணம்தானே" என்றாய். கடையில் கூட்டம் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால், இருபது வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை உனக்கு எழுதிவைக்கிறேன். கடை சாத்திய பிறகு பொறுமையாகப் படி.

என் சவுக்குக் கட்டை வியாபாரம் உனக்குத் தெரிந்ததுதான். நிற்கிற தோப்பை விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, ஆள் விட்டு வெட்டி, லாரியில் ஏற்ற வேண்டும். ஒரே நாளில் கை நிறையப் பணம் வரும். மறுநாளே வெட்டுக்கூலி, லாரி வாடகை என்று கரைந்துவிடும். லோடு பணமும், வீட்டு மளிகையும், சீட்டுப் பணமும், உன் அண்ணன் படிப்புச் செலவும் ஒரே சேவிங்ஸ் பாஸ்புக்கில்தான் போய்வந்தன. கணக்கெல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு பெரியவரிடம் தோப்பு வாங்கி, மீதிப் பணத்துக்கு 38,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். கொடுக்கும்போது கணக்கில் பணம் இருந்தது. நடுவில் காலேஜ் ஃபீஸுக்குக் கடைசி நாள் என்றார்கள். அதே கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். செக் திரும்பிவிட்டது. அந்தப் பெரியவர் முதல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து செக்கையும் பேங்க் கொடுத்த சீட்டையும் எடுத்துத் திண்ணையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "இல்லேன்னு சொல்லியிருந்தா நாலு நாள் பொறுத்திருப்பேனே தம்பி" என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் கைமாற்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தத் திண்ணையில் உட்காரும்போது இன்றைக்கும் அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

செக் திரும்புவது வெறும் மானப் பிரச்சினை என்று நினைத்துவிடாதே. சட்டப்படி குற்றம். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நாம் பணம் கட்டாவிட்டால் வழக்குத்தான். இரண்டு வருஷம் வரை ஜெயிலுக்கும் இடமிருக்கிறது. அவர் நல்ல மனுஷர், அதனால் நான் தப்பித்தேன்.

அடுத்தது கடன். பெரிய தோப்பு ஒன்று விலைக்கு வந்தபோது பேங்கில் கடன் கேட்டேன். மேனேஜர் என் பாஸ்புக்கை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "இதுல வியாபாரம் எது, வீட்டுச் செலவு எது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. கடன் கிடைக்கவில்லை, தண்டல்காரரிடம் போனேன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி குறைவதில்லை. வருஷத்துக்கு என்று கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் உன் மாதிரிச் சிறு தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது உன் கணக்கின் ஸ்டேட்மெண்டைத்தான். வியாபாரம் நடந்ததற்கு அதுதான் சாட்சி.

மூன்றாவதாக நடந்தது இதைவிடப் பெரிய அடி. ஈசிஆர் பக்கம் பந்தல் போட ஒருவர் வந்து முட்டுக் கட்டை வாங்கினார். 3,200 ரூபாய். வேறு யாரோ ஒருவர் போனிலிருந்து ஸ்கேன் செய்து பணம் போட்டார். நான் வழக்கம்போல் பில் எழுதி, வண்டி நம்பரையும் குறித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாள் கூலிக்குப் பணம் எடுக்கப் போனால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. எங்கேயோ வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஒரு துளி அந்த 3,200. புகாரைப் பிடித்துக்கொண்டு வந்த சைபர் போலீஸ், பணம் போன வழியெல்லாம் அடைக்கச் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் 3,200-க்கு, முடங்கியதோ ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்!

சனிக்கிழமை பதினான்கு பேருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்தப் பணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்குவார்கள். கடைப் பணம் மட்டும் மாட்டியிருந்தால் வீட்டுப் பணத்தை எடுத்துச் சமாளித்திருப்பேன். எல்லாம் ஒரே பணம்தானே என்று வைத்திருந்தேன் அல்லவா? பெரியம்மாவின் சுகர் மாத்திரைக்குக்கூட அந்தக் கணக்கை விட்டால் வேறு வழியில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தாள். அதை அடகு வைத்துத்தான் கூலி கொடுத்தேன்.

கணக்கு திறக்க ஏழு வாரம் ஆனது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது பில் புக்கில் இருந்த கார்பன் நகல்தான். தேதி, கட்டை எத்தனை, வண்டி நம்பர், தொகை எல்லாம் அதில் இருந்தன. சரக்கு விற்றுத்தான் பணம் வந்தது என்று காட்ட வேறு எதுவும் என்னிடம் இல்லை. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம், சந்தேகப்படும் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று சொல்லாமல் ஒருவருடைய கணக்கு முழுவதையும் முடக்கிவைப்பது சரியில்லை என்று சொல்லியிருக்கிறது. உனக்கு இப்படி வந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் வரை செக்கு நிற்காமல் ஓட வேண்டுமே கண்ணு.

அதனால் முதல் காரியமாகக் கடைப் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பி. வியாபாரத்துக்குச் சேவிங்ஸ் கணக்கு வைக்க ரிசர்வ் பேங்க் விதியிலும் இடமில்லை. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை இணையத்தில் காசில்லாமல் செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் புரோக்கரை அண்டவிடாதே. அந்தச் சான்றிதழ், எண்ணெய் விற்பதற்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு, உன் பான், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. கடைப் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடு. ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக நான் மூன்று நடை நடந்தேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு கேள்வி கேள். மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, அது குறைந்தால் என்ன பிடிப்பீர்கள்? மாதம் எவ்வளவு ரொக்கம் கட்டணமில்லாமல் கட்டலாம்? செக் புக்குக்கு என்ன? மெசேஜுக்கு என்ன? கரண்ட் அக்கவுண்டில் வட்டி கிடையாது. அதற்கு மேல் நமக்குத் தெரியாமல் பிடித்தமும் போனால் இரட்டை நஷ்டம். பெரிய பேங்க் சின்ன பேங்க் என்று பார்க்காதே; கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், முகம் தெரிந்து பேசுகிற கிளை உனக்கு நல்லது.

கணக்கு வந்ததும் கியூஆர் அட்டையை மாற்று. தினமும் கடை திறந்ததும் அந்த அட்டையை ஒரு தரம் தடவிப் பார். அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொல்கிறவன் திருடன். எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், "உன் கணக்குல போட்டுக்கறேன், எடுத்துக் கொடு" என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. தப்பான பணம் அந்த வழியாகத்தான் நல்லவர்கள் கணக்குக்குள் நுழைகிறது.

மாதம் பிறந்தால் கடைக் கணக்கிலிருந்து உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துச் சேவிங்ஸில் போட்டுக்கொள். வீட்டுக்கு அதற்குள் செலவு செய். கடைக்குப் பணம் தேவைப்பட்டு உன் கையிலிருந்து போட்டால் அதையும் எழுதி வை. 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு, யுபிஐ வரவைப் பார்த்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பயந்துபோய்ப் பலர் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி மாட்டினார்கள். நம் மாநிலத்தில் சரக்கு விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் அண்ணன் அனுப்புகிற பணமும், சீட்டு எடுத்த பணமும், எண்ணெய் விற்ற பணமும் ஒரே கணக்கில் விழுந்தால் எது விற்பனை என்று நீதான் அலைந்து நிரூபிக்க வேண்டும். அதற்காக டிஜிட்டல் வரவுக்குப் பயப்படாதே. வருமான வரியில் சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமானக் கணக்கில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொண்டால், பேங்க் வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம்தான்.

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் வேறொரு பேங்கில் இரண்டு மாதச் செலவுக்கானதை ஒதுக்கிவை. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க், எத்தனையோ ஜவுளி வியாபாரிகளுக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது. 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. பத்து நாளில் டிபிஎஸ் பேங்கோடு சேர்த்துவிட்டதால் டெபாசிட் போட்டவர்கள் பணம் தப்பியது. ஆனால் அந்தப் பத்து நாளில் கூலி கொடுக்க வேண்டியவர் என்ன செய்திருப்பார்? 2020 பிப்ரவரியிலிருந்து டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. நீ தனி ஆளாகக் கடை நடத்துவதால், ஒரே பேங்கில் உன் சேவிங்ஸும் கடைக் கணக்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் அந்த 5 லட்சம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் உனக்குச் சொல்கிறேன்.

பேங்கில் குறை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதே. எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கு. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்குக் காசில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய். இரண்டு நம்பரையும் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டு.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூலிக்குப் பணம் எடுப்பதற்கு முன், பில் புக்கையும் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் போடுவேன். எந்த வரிக்குப் பில் இல்லையோ அதை அன்றே விசாரித்துவிடுவேன். அரை மணி நேர வேலை. சங்கிலியை அந்த வருஷமே மீட்டுவிட்டேன். கடப்பாக்கத்துப் பெரியவரும் போன வருஷம் மறுபடி எனக்கே தோப்பைக் கொடுத்தார், செக்காகவே வாங்கிக்கொண்டார்.

கணக்கு ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே கந்தசாமி கோயிலுக்கு வா. வரும்போது முதல் மாத ஸ்டேட்மெண்டையும் பில் புக்கையும் எடுத்து வா. பெரியம்மா அடை சுட்டு வைப்பாள். அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து நீயும் நானும் வரி வரியாக டிக் போடலாம்.

எல்லா நலமும் பெற்று, உன் செக்கு நிற்காமல் ஓட வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா