பயிற்சி போதாதா, இரும்பு போதாதா?

"வயசுக்கு வந்துட்டா பொம்பளப் புள்ளைக்கு ஓட்டம் வராது." பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு மாணவி 1500 மீற்றரில் பின்தங்கத் தொடங்கினால் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கும். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் "பயிற்சி போதாது" என்பார்கள். இரண்டு தரப்பும் இரத்தத்தைப் பார்ப்பதில்லை. வளரும் உடம்புக்கே இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. மாதவிடாயில் மாதந்தோறும் கொஞ்சம் போகிறது. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு வியர்வையிலும், குடலில் கசியும் இரத்தத்திலும், பாதம் நிலத்தில் மோதும்போது உடையும் சிவப்பணுக்களிலும் இன்னும் கொஞ்சம் போகிறது. செலவு இப்படிக் கூடும்போது வரவு அதே ரொட்டியும் சம்பலும்தான். ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு நீடிக்கிற பிள்ளைக்குக் கணக்கு இன்னும் மோசம். இதைக் கேட்கக் கூச்சப்படுகிற பயிற்றுநர், கேட்கக்கூடிய ஓர் ஆசிரியையிடமாவது சொல்லி வைக்கலாம்.

ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 1977இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் சீக்கிரமே ஓய்ந்தார்கள். அதே வேலைக்கு அவர்களுடைய நெஞ்சு வேகமாக அடித்தது. இரத்தத்தில் லக்டிக் அமிலமும் ஏறியது. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த ஆய்வு பறித்த கொழுந்தையே நிறுத்துப் பார்த்தது. இரும்புக் குளிசையால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் ஒரே மாதத்தில், ஏறாதவர்களைவிட அதிகம் பறித்தார்கள். ஆகக் குறைவாக இருந்தவர்களிடமே முன்னேற்றமும் அதிகம். சோம்பேறி என்று கங்காணி திட்டியதில் எவ்வளவு இரத்தசோகை இருந்திருக்கும்!

"ரிப்போட்டுல 12 இருக்கு, பயமில்ல." பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால்தான் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் உடம்பு முதலில் இரும்புச் சேமிப்பைத்தான் கரைக்கும், ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் இறங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் பரிசோதனை. அது 15க்குக் கீழே என்றால் இருப்பு தீர்ந்தது என்று பொருள். விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30க்குக் கீழே வந்தாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். காய்ச்சலோ வீக்கமோ உள்ள சமயம் பெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும் என்பதால் உடம்பு சுகமான நாளில் பார்ப்பது நல்லது. போன தவணை பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது, கடைசிச் சுற்றில் கால் கல்லாகக் கனக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதுவே சோதிக்கப் போதுமான காரணம்.

மலையில் பிறந்தவர்களுக்கு இரத்தம் குறையாது என்பதையும் விட்டுவிடலாம். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர், ஹப்புத்தளை 1,400 மீற்றர் உயரம். சிவப்பணுவைக் கூட்ட வீரர்கள் உயரப் பயிற்சிக்குப் போகும் இடங்கள் பெரும்பாலும் 2,000 மீற்றரைத் தொடுபவை. அங்கேயும் புதிய சிவப்பணு செய்ய இரும்பு வேண்டும்.

அடுத்தது, தேத்தண்ணி இரத்தத்தைக் குடித்துவிடும் என்ற பேச்சு. தேயிலைக்கு நடுவே வாழும் நாம் இதை நம்பிப் பயப்படவும் வேண்டாம், சிரித்துத் தள்ளவும் வேண்டாம். உள்ள இரத்தத்தைத் தேயிலை தொடாது. சாப்பாட்டோடு குடித்தால் அதிலுள்ள பொலிபீனோல்கள் ரொட்டி, பருப்பு, கீரையிலுள்ள இரும்பைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேரும் அளவு பாதிக்கும் கீழே போய்விடலாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும். ஆகவே காலை ரொட்டியோடு கோப்பையை வைக்காமல் பத்து மணி இடைவேளைக்குத் தள்ளினாலே போதும். சம்பலில் பிழியும் தேசிக்காயும் சாப்பிட்ட பின் ஒரு கொய்யாப்பழமும் இரும்பு சேர உதவும். நெத்தலி, மீன், ஈரல் எது கிடைத்தாலும் இன்னும் நல்லது. அவற்றின் இரும்பு கீரையினதைவிட எளிதில் சேரும்.

இரத்தம் ஊறும் என்று சொல்லப்படும் வெலிமடை பீட்றூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் உறவில்லை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதிலுள்ள நைத்திரேற்று ஓட்டத்துக்குக் கொஞ்சம் உதவலாம், அது வேறு சங்கதி.

களைப்பு என்றதும் குளிசை வாங்கிப் போடுவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. பரம்பரை இரத்த நோயான தலசீமியா கூடுதலாகக் காணப்படும் மாகாணங்களில் நம் ஊவாவும் ஒன்று. பதுளை ஆஸ்பத்திரியில் அதற்கெனப் பிரிவே உண்டு. இரும்பு குறைந்தவருக்குப் போலவே அந்த மரபணுவைக் காவுபவருக்கும் சிவப்பணு சிறுத்துத்தான் தெரியும், ஆனால் இரும்பு நிறையவே இருக்கலாம். மேலதிக இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. அது ஈரலில் தங்கும். பெரிட்டின் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்கக் கூடாது.

குறைபாடு உறுதியானால் குளிசை எடுக்கும் நேரமும் முக்கியம். கடும் ஓட்டம் முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற சுரப்பு கூடி, குடலில் இரும்பு சேர்வதைக் குறைக்கும். காலையில், ஓட்டத்துக்கு முன்போ ஓடி முடித்த கையோடோ எடுப்பது நல்லது, தேத்தண்ணியோடு வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் சேரும் வீதம் கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எப்படி எடுப்பதென்று டொக்டர் சொல்வார். சில வாரங்களில் களைப்பு தீர்ந்தாலும் சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். மலம் கறுத்துப் போனதைப் பார்த்துப் பயந்து இடையில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது குடலில் சேராமல் வெளியேறும் இரும்பின் நிறம்தான்.