ஒரே திரை, இரண்டு சட்டங்கள்: ஸ்ட்ரீமிங் தளத்திற்குப் பூட்டு போடுவது எப்படி?

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் வந்திருந்தான். வயது ஏழு. கம்ப்யூட்டரில் கார்ட்டூன் பார்க்கிறான் என எண்ணி மாடிக்குச் சென்றேன். திரும்பி வந்தால், நான் பாதியில் நிறுத்தியிருந்த கொலைக் கதைத் தொடர் ஓடிக் கொண்டிருந்தது. இரண்டு இரவுகள் பையன் தூங்கவில்லை. "டிவியில இப்படி வராதே தாத்தா" என்றான். அவன் சொன்னது சரிதான். ஏன் என்று பார்ப்போமா?

கேபிள் வழி: கேபிள் டிவிக்கென 1995ல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறையும் உண்டு. தணிக்கையில் "ஏ" சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே சேனலில் காட்ட முடியாது. காட்சிகளை வெட்டி, மறுபடி சான்றிதழ் பெற வேண்டும்.

இண்டர்நெட் வழி: அதே படம் இண்டர்நெட் வழியே வந்தால் கேபிள் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது. 2020 நவம்பரில்தான் ஸ்ட்ரீமிங் தளங்கள் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2021 பிப்ரவரியில் விதிகள் வெளியாயின. யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என வயதுக் குறியீடு தர வேண்டும். யு/ஏ 13+ மற்றும் அதற்கு மேற்பட்டவைக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இவ்விதிகளின் சில பகுதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பெரிய தளங்கள் குறியீட்டையும் பூட்டையும் தருகின்றன.

இரண்டு வழிகளையும் ஒரே சட்டத்தில் கொண்டுவர 2023 நவம்பரில் மசோதா வரைவு வெளியானது. யூடியூபில் செய்தி பேசும் தனிநபர்களும் இதில் சிக்குவார்களோ என 2024ல் எதிர்ப்பு எழுந்தது. ஆலோசனைக்குப் பின் புதிய வரைவு வரும் என அமைச்சகம் அவ்வாண்டு ஆகஸ்ட்டில் அறிவித்தது.

ஆக, தளம் பூட்டைத் தந்தாலும், அதைப் போடுவது நம் வேலை. தளத்திற்குத் தளம் பெயர்கள் சற்று மாறலாம். பொதுவான வழி இதுதான்.

1. பிரவுசரில் தளத்தைத் திறந்து, உங்கள் அக்கவுண்ட்டில் நுழையுங்கள்.

2. அக்கவுண்ட் செட்டிங்ஸ் பகுதியில் குழந்தைக்கெனத் தனி புரொபைல் ஒன்றை உருவாக்கி, வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

3. பேரண்டல் கண்ட்ரோல் என்ற பிரிவைத் தேடி, உங்கள் புரொபைலுக்கு பின் நம்பர் கொடுங்கள். பலரும் இதனை விட்டுவிடுகிறார்கள். இது இல்லையென்றால் குழந்தை ஒரே கிளிக்கில் உங்கள் பக்கத்திற்கு வந்துவிடும்.

4. வெளியேறி, மீண்டும் உள்ளே சென்று உங்கள் புரொபைலில் கிளிக் செய்து பாருங்கள். நம்பர் கேட்கிறதா?

ஒரு எச்சரிக்கை. பின் நம்பராக வண்டி எண்ணைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், மறுநாளே பேரன் கண்டுபிடித்துவிட்டான்!